மாவுக்கட்டு பிரித்தாயிற்று, சைக்கிளை எப்போது எடுக்கலாம்?

கேள்வி: வயது 34. சொந்த ஊர் பேராவூரணி. ஒன்பது வருஷமாக பெங்களூரில் இருக்கிறேன், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்பு 42,000 ரூபாய்க்கு ஒரு மலை சைக்கிள் வாங்கினேன், முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ளது. ஞாயிறு காலை என்றால் கனகபுரா சாலைப் பக்கம் செம்மண் தடங்களில்தான் இருப்பேன். பஞ்சர் ஆகக்கூடாது என்று டயரில் எப்போதும் 50 பி.எஸ்.ஐ. காற்று வைப்பேன். மூன்று மாதத்துக்கு முன்பு இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் பிடித்ததும் முன்சக்கரம் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். ஹெல்மெட்டில் கீறல் மட்டும்தான். முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு சுளுக்கு என்றார். மூன்று வாரம் வலியை யாரிடமும் சொல்லாமல் ஆபீஸ் போனேன். அப்புறம் இன்னொரு டாக்டர் ஸ்கேன் எடுத்து, ஸ்கேஃபாய்டு என்ற எலும்பில் நடுவில் முறிவு என்று எட்டு வாரம் மாவுக்கட்டு போட்டார். போன வாரம் பிரித்தபோது எக்ஸ்ரே பார்த்து, 'கூடிக்கொண்டு வருகிறது' என்றார். மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி இருக்கிறது. பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. டிசம்பர் கடைசியில் நண்பர்கள் சைக்கிளோடு ஊட்டி போகிறார்கள். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, நானும் போகலாமா? முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாற்றி, 140 மி.மீ. வரை அமுங்கும் ஏர் ஃபோர்க் மாட்டினால் கைக்கு அதிர்வே வராது என்கிறான் ஒருவன். 80,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபோர்க் வாங்கவா, புது சைக்கிளே வாங்கவா? அம்மா புத்தூர் கட்டு போடச் சொல்கிறார். மனைவி சைக்கிளை விற்கச் சொல்கிறாள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஊட்டி வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே அந்தப் பயணத்துக்கு நீங்கள் மனதளவில் கிளம்பிவிட்டது தெரிகிறது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த டிசம்பரில் மலை இறக்கம் உங்கள் கைக்கு ஆகாது. சைக்கிளை விற்கவும் வேண்டாம். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நான் பெங்களூரில் இருபது வருஷத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறேன். நானும் செம்மண் தடத்தில் சைக்கிள் ஓட்டுகிறவள்தான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு யூகலிப்டஸ் வாசத்தோடு ஒரு இறக்கத்தில் இறங்குவது ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதை உங்களிடமிருந்து பறிப்பதற்காக இதை எழுதவில்லை. நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் நீங்கள் ஓட்ட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த எலும்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டைவிரலை மேலே தூக்கிக்காட்டுவது போல இடது கையை நீட்டுங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கமாக, இரண்டு தசைநாண்கள் கயிறு மாதிரி புடைத்து நிற்கும். நடுவே ஒரு சின்னப் பள்ளம். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியைக் கொட்டி உறிஞ்சிய இடம் அது. மருத்துவப் புத்தகத்திலும் அதற்கு மூக்குப்பொடிப் பெட்டி என்றுதான் பெயர். அந்தப் பள்ளத்தின் தரையில் இருப்பதுதான் ஸ்கேஃபாய்டு. ஒரு பெரிய முந்திரிப் பருப்பு அளவு, ஏறக்குறைய அதே வளைவு. மணிக்கட்டில் இரண்டு வரிசையாக எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. இது ஒன்றுதான் இரண்டு வரிசைக்கும் நடுவே பாலம் போலக் கிடக்கிறது. கை ஊன்றி விழும்போது மொத்த எடையும் அந்தப் பாலத்தின் மேல் வந்து இறங்குகிறது. மணிக்கட்டின் சிறு எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான்.

இந்த எலும்பு ஒன்றுசேர ஏன் இவ்வளவு நாளாகிறது என்பதற்கு உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் பிறந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கத்து முனை வழியாக நுழைந்து, அங்கிருந்து பின்னோக்கி முன்கைப் பக்கத்து முனைக்குப் போகிறது. நடுவில் முறிந்தால் வாய்க்கால் நடுவில் உடைந்த மாதிரி. தலைமடைக்குத் தண்ணீர் உண்டு, கடைமடை காய்கிறது. கட்டைவிரல் பக்கத்து முனையில் முறிந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடும். உங்களுக்கு ஆனது போல நடுவில் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம். கடைமடை முனையில் என்றால் அதற்கும் மேல். கூடாமலே விட்டால் வலி ஒருவேளை அடங்கிவிடும், ஆனால் சில வருஷங்களில் மணிக்கட்டு மூட்டு தேய ஆரம்பிக்கும். அப்போது சைக்கிள் இருக்கட்டும், ஈரத்துணி பிழிவதே சிரமமாகும்.

முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போனது இந்த எலும்பில் அடிக்கடி நடப்பது. முறிந்த புதிதில் கோடு பல சமயம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் முறிவு என்றே வைத்துக் கட்டுப் போட்டு, பத்து பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். இதைப் படிக்கும் மற்ற சைக்கிள்காரர்கள் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள்: விழுந்தபின் அந்தப் பள்ளம் வலித்தால் 'சுளுக்கு' என்ற வார்த்தையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது. நான்கு வாரத்துக்கு மேல் தாமதித்தால்தான் கூடாமல் போகும் ஆபத்து நன்றாக அதிகமாகிறது. நீங்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். நல்லது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம். 'கூடிக்கொண்டு வருகிறது' என்றால் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: முழுதாகக் கூடிவிட்டதா, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா? எக்ஸ்ரேயில் கோடு மறைந்த மாதிரி தெரிந்தாலும், எலும்பு எவ்வளவு தூரம் குறுக்கே பாலம் போட்டிருக்கிறது என்பது சி.டி.யில்தான் தெளிவாகத் தெரியும். உங்கள் 80,000 ரூபாயில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். கூடவில்லை என்றால் ஒரு சின்ன ஸ்க்ரூ வைத்து இறுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. தலையில்லாத அந்த ஸ்க்ரூவை ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெர்பர்ட் 1984-ல் அறிமுகப்படுத்தினார், இன்று பழகிய வைத்தியம் அது. பயப்பட ஒன்றுமில்லை. தெரியாமல் இருப்பதுதான் பயம். புகை பிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள், எலும்பு கூடுவதை அது நேரடியாகத் தாமதப்படுத்தும். வைட்டமின் டி ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் ஏ.சி.க்குள் உட்கார்ந்திருப்பவர்களில் குறைவாக இல்லாதவரைப் பார்ப்பது அபூர்வம். இந்த ஊரில் இருந்துகொண்டு ராகிக் களி சாப்பிடாமல் இருக்காதீர்கள், கால்சியத்துக்கு அதைவிட மலிவான வழி கிடையாது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். புத்தூர் கட்டுப் போட்டுக் கை கால் சரியானவர்கள் நம் எல்லோர் சொந்தத்திலும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த முந்திரிப் பருப்பு நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று வெளியே தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பாதி கூடிய நிலையில் எண்ணெய் போட்டு நீவினால், இழுத்துக் கட்டினால், போட்ட பாலம் விட்டுப்போகலாம். இந்த எலும்புக்கு அது வேண்டாம்.

மரக்கட்டை மாதிரி இருப்பது எட்டு வாரக் கட்டின் விளைவு, போய்விடும். ஒரு சட்டியில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்துக் கையை முங்கவிட்டு, பத்து நிமிஷம் மணிக்கட்டை மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெதுவாக அசையுங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை. கட்டைவிரல் நுனி சுண்டுவிரல் அடியைத் தொட வேண்டும், தொடும்வரை முயலுங்கள். இன்னொரு கையால் பிடித்து இழுக்காதீர்கள், அந்தக் கையே தன் பலத்தில் போகட்டும். தண்ணீருக்குள்ளேயே ஸ்பாஞ்சைப் பிழிவது அடுத்த படி. டாக்டர் 'எடை கொடுக்கலாம்' என்ற பிறகு சப்பாத்தி மாவு. வீட்டில் மாவு பிசையும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை, விரல், கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை தரும் பயிற்சிக் கருவி, நான் பார்த்தவரை, அதற்கு இணையாக எதுவும் இல்லை. நிறைந்த குக்கரை அந்தக் கையால் தூக்க வேண்டாம். ஸ்கூட்டரும் இப்போதைக்கு வேண்டாம். ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் அந்த வலது கையில்தானே இருக்கிறது. மஞ்சள் தட மெட்ரோ எலக்ட்ரானிக் சிட்டி வழியாகத்தான் ஓடுகிறது, அதில் போங்கள்.

கையில் எரிச்சலான வலி, தோல் பளபளப்பது, நிறம் மாறுவது, அந்தக் கை மட்டும் வியர்ப்பது, இதில் ஏதாவது வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

எப்போது சைக்கிள் ஏறலாம்? காலண்டரைப் பார்த்து நான் தேதி சொன்னால் அது தப்பாகிவிடும். அதற்கு வீட்டில் இருக்கும் எடை மெஷினைப் பயன்படுத்தலாம். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் உறுதி சொன்ன பிறகு, மெஷினை ஒரு மேஜை மேல் வையுங்கள். முழங்கையை மடக்காமல், நல்ல கையின் உள்ளங்கையை ஊன்றி முடிந்தவரை அழுத்துங்கள். கிலோவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடிபட்ட கை. வலி தலைகாட்டும் இடத்தில் நிறுத்தி அதையும் குறியுங்கள். முதல் நாள் இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மனதைச் சோர்வடையச் செய்யும். பரவாயில்லை, வாரம் ஒருமுறை மட்டும் பாருங்கள். அடிபட்ட கை நல்ல கையின் எண்ணில் பாதியைத் தாண்டினால் சமதளத்தில், தார்ச்சாலையில், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் வண்டிகளை விடுவதில்லை, அங்கே தொடங்குங்கள். பத்தில் ஒன்பது பங்கு வலியில்லாமல் வந்து, சுவரிலும் பிறகு மேஜையிலும் பிறகு தரையிலும் புஷ்-அப் எடுக்க முடிந்து, அந்தப் பள்ளத்தை அழுத்தினாலும் வலியில்லை என்றால் செம்மண்ணுக்குப் போகலாம். உங்கள் கதையில் அதற்குக் கட்டுப் பிரித்ததிலிருந்து மூன்று மாதமாவது ஆகும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்குமுன் கை தயாராகிவிட்டால் சந்தோஷம், அவசரப்படுத்த வேண்டாம். அதுவரை கால்களைச் சும்மா விடாதீர்கள். மாடிப்படி, ஸ்குவாட், ஒற்றைக்கால் நிற்பு. தடத்தில் எடை பாதங்களில் நிற்க வேண்டும், கைகள் லேசாக இருக்க வேண்டும். கால் தளர்ந்தவர்தான் ஹேண்டில்பார் மேல் சாய்கிறார், அதற்கு மணிக்கட்டு விலை கொடுக்கிறது.

இனி சைக்கிள். நீங்கள் ஏன் விழுந்தீர்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது, ஃபோர்க்கில் குற்றமில்லை. பெங்களூரைச் சுற்றியுள்ள பாறை சிதைந்து பருமணலாக உதிரும். வெயிலில் இறுகிய செம்மண் மேல் அந்தப் பருமணல் கோலிக்குண்டு மாதிரி கிடக்கும். அதன் மேல் 50 பி.எஸ்.ஐ.யில் கல்லாக இறுகிய டயர், வளைவுக்குள் வந்த பிறகு பிடித்த பிரேக். வழுக்காமல் என்ன செய்யும்? 70 கிலோ எடை, 2.25 அங்குல டயர் என்றால் ட்யூபோடு 28 முதல் 32 போதும், முன்சக்கரத்துக்கு இரண்டு குறைவாக. குறைத்தால் பஞ்சர் ஆகுமே என்பது நியாயமான பயம். நம் தடங்களில் நெருஞ்சி முள்ளுக்குக் குறைவில்லை. அதற்குத்தான் ட்யூப்லெஸ். உள்ளே ஊற்றும் பால் போன்ற சீலன்ட் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும், காற்றை 22 முதல் 26 வரை இறக்கலாம், டயர் மண்ணை உள்ளங்கை மாதிரி பற்றும். ரிம் அதற்கு ஏற்றதுதானா என்று கடையில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வெயிலில் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். நல்ல பிடிப்புள்ள ஒரு முன் டயரும் இந்த மாற்றமும் சேர்ந்து, ஃபோர்க் விலையில் சிறு பங்குதான் ஆகும். வித்தியாசத்தை முதல் வளைவிலேயே உணர்வீர்கள்.

அடுத்தது பிரேக். இந்த விளையாட்டே பிரேக்கோடு போராடிப் பிறந்ததுதான். 1976-ல் கலிபோர்னியாவில் ஒரு மலைப்பாதையில் பழைய கனத்த சைக்கிள்களைக் கீழே ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள். ஒரு இறக்கம் முடிவதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. உங்களுக்கு டிஸ்க் பிரேக் இருக்கும். அதன் லீவரை உள்பக்கமாகத் தள்ளி, ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் அதன் நுனியில் உட்காரும்படி வையுங்கள், மற்ற விரல்கள் கிரிப்பைப் பிடித்திருக்கட்டும். நான்கு விரலாலும் பிரேக் பிடித்தால் கை ஹேண்டில்பாரில் இல்லை என்றுதான் அர்த்தம். லீவரின் சாய்வையும் பாருங்கள். முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். லீவர் ரொம்பக் கீழே பார்த்திருந்தால் மணிக்கட்டு மடங்கும், ரொம்ப மேலே பார்த்திருந்தால் பின்னால் வளையும். அந்தப் பின்வளைவுதான் உங்கள் எலும்பை நெருக்கும். இதற்கு ஒரு ஆலன் கீ போதும், செலவே இல்லை. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே வழுக்கி எடை முழுக்கக் கைக்குப் போகும். உள்ளங்கைக்கு அகலமாக இடம் தரும், ஸ்க்ரூவால் இறுக்கும் கிரிப் ஒரு ஜோடி வாங்குங்கள்.

ஹெல்மெட் கட்டாயம் புதிது. 'கீறல் மட்டும்தான்' என்கிறீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை ஒரே ஒரு அடியை வாங்குவதற்காகச் செய்தது. நசுங்கியது வெளியே தெரியாது.

ஃபோர்க் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. உங்கள் விலையில் வரும் சைக்கிளில் பெரும்பாலும் ஸ்பிரிங் ஃபோர்க்தான் இருக்கும். அதில் மேலே உள்ள திருகைச் சுற்றினால் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, ஆரம்ப இறுக்கம் மட்டும்தான் மாறும். ஏர் ஃபோர்க்கில் உங்கள் எடைக்குத் தகுந்தபடி காற்று வைத்துக்கொள்ளலாம். அது நிஜமாகவே நல்லது. ஆனால் 100 மி.மீ. ஃபோர்க்குக்காகச் செய்த ஃபிரேமில் 140 மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், சைக்கிளின் சாய்வு சுமார் இரண்டு டிகிரி மாறும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாயும், ஃபிரேமின் கழுத்தில் நெம்பும் பலம் கூடும். வாரன்டியும் போகலாம். ஃபோர்க்கின் தண்டு நேரானதா, கீழே தடித்ததா, சக்கரத்தின் அச்சு எந்த வகை, இவையெல்லாம் பொருந்தினால்தான் மாட்டவே முடியும். ஆறு மாதம் கழித்து, கை முழுதாகத் தேறி, அப்போதும் ஆசை இருந்தால் 100 அல்லது 120-ல் ஒரு ஏர் ஃபோர்க் போடுங்கள், அதுவும் சைக்கிள் கம்பெனி எவ்வளவு வரை அனுமதிக்கிறது என்று பார்த்து. ஏறி உட்கார்ந்ததும் அது அமுங்கக்கூடிய மொத்த தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் காற்று சரி. இரண்டு பக்கமும் ஷாக் உள்ள புது சைக்கிள் இப்போது வேண்டாம். அது உங்களை இன்னும் வேகமாக இறக்கும், கை அதற்குத் தயாராக இல்லை. மிச்சப் பணத்தில் வளைவும் பிரேக்கும் சொல்லித்தரும் பயிற்சியாளரிடம் நாலு நாள் கற்றுக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, வளைவிலிருந்து வெளியேறும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது. இதை ஒரு காலி மைதானத்தில் பழகலாம்.

உங்கள் மனைவியைப் பற்றி. கடிதத்தில் ஒரு வரியைத் தற்செயலாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: மூன்று வாரம் வலியை யாரிடமும் சொல்லவில்லை என்று. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? புரண்டு படுக்கும்போது நீங்கள் பல்லைக் கடித்ததை அவர் பார்த்திருப்பார். சைக்கிளை விற்கச் சொல்வதற்குப் பின்னால் அந்த மூன்று வாரம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சி.டி. ரிப்போர்ட் வாங்கப் போகும்போது அவரையும் அழைத்துப்போங்கள். டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும், அவருக்கும் கேள்விகள் இருக்கும். இனித் தனியாகக் காட்டுத் தடத்துக்குப் போவதில்லை, போகும்போது லொகேஷன் அனுப்புவது, விழுந்தால் அன்றே சொல்வது என்று மூன்றையும் நீங்களாகவே அவரிடம் சொல்லுங்கள். அவசர எண் 112 போனில் இருக்கட்டும். துரஹள்ளி, அவலஹள்ளி போன்ற இடங்களுக்குள் போகுமுன் வனத்துறை அப்போது அனுமதிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் ஊட்டியிலிருந்து படம் அனுப்பும் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த ஞாயிறு காலை அதே நேரத்துக்கு எழுந்து, மனைவியோடு கப்பன் பார்க்கில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

டாக்டர் உறுதி சொன்னதும் எடை மெஷினில் வரும் முதல் இரண்டு எண்களையும், நான்கு வாரம் கழித்து வரும் எண்களையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்த கட்டப் பயிற்சியைச் சொல்கிறேன்.